பல்லைப் பார்த்து இனம் சொல்ல முடியுமா?

கம்பம் பள்ளத்தாக்கின் மரக்காளான்களை முன்வைத்து ஒரு பழைய கேள்வி

ஐப்பசி மழை நாலு நாள் நின்று பெய்துவிட்டால், தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று நீளும் பள்ளத்தாக்கில் பட்ட கிளைகளில் காளான் கிளம்பிவிடும். அவற்றில் ஒரு வகை, பார்க்கிறவரைக் குழப்பவே வந்தது போலிருக்கும். குடை இல்லை, காம்பும் இல்லை. கிளையின் அடிப்பக்கத்தோடு ஒட்டிய ஒரு படலம். அதன் விளிம்பு சில சமயம் சிறு அலமாரித் தட்டு போலச் சற்றே வெளியே மடிந்திருக்கும். படலத்திலிருந்து சில மில்லிமீட்டர் நீளத்துக்கு நெருக்கமான பற்கள் தரையைப் பார்த்துத் தொங்கும். வெள்ளையாகவும் இருக்கும், மஞ்சளாகவும் இருக்கும், பழுப்பாகவும் இருக்கும். இது என்ன காளான்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் ஒரே தரப்பினர் அல்ல. மாந்தோப்புக்காரருக்கு மரம் தப்புமா என்பது தெரிந்தால் போதும். ஏலத்தோட்டத்தில் நிழல் மரங்களைப் பராமரிப்பவர், கிளை கழித்த வெட்டுவாய் வழியாக அழுகல் அடிமரத்துக்கு இறங்குமா என்று கேட்பார். பள்ளத்தாக்குக்கு மேலேயுள்ள மேகமலையில் பல்லுயிர்க் கணக்கெடுப்பவருக்கோ பேரினமும் இனமும் வேண்டும். கேட்பவருக்குத் தகுந்தாற்போல் பதிலின் நுட்பமும் மாறியாக வேண்டும். இந்தத் துறையின் பழைய சண்டைகள் பலவற்றுக்கு, இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் ஒரே அளவுகோலைத் தேடியதும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது.

பல்லே அடையாளம் என்ற காலம்

1753இல் லின்னேயஸ் பல் வைத்த காளான்களையெல்லாம் ‘ஹிட்னம்’ என்ற ஒரே பேரினத்துக்குள் போட்டார். தரையில் முளைப்பது, பைன் கூம்பில் முளைப்பது என்ற பேதம் பார்க்கவில்லை. பின்னர் பெர்சூன் 1794இல் ‘ஹெரீசியம்’ என்று ஒரு பகுதியைப் பிரித்தார். ஆனாலும் முறையை உறுதியாக நிறுவியவர் சுவீடனைச் சேர்ந்த எலியாஸ் ஃபிரீஸ். 1821இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய ‘சிஸ்டமா மைக்கோலாஜிகம்’ வித்து உண்டாகும் பரப்பின் வடிவத்தை வைத்துக் காளான்களைப் பிரித்தது. செவுள் இருந்தால் ஒரு கூட்டம், துளை இருந்தால் இன்னொன்று, பல் இருந்தால் மற்றொன்று, வழுவழுப்பாக இருந்தால் வேறொன்று. கையில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் எவரும் பயன்படுத்தலாம். ஒன்றரை நூற்றாண்டு அது நிலைத்ததற்கு இந்த எளிமையே பெரிய காரணம்.

நம் பக்கத்துக் காளான்களுக்குப் பெயர் வந்ததும் இந்த முறையில்தான். இலங்கையின் பேராதனைத் தாவரவியல் பூங்காவிலிருந்து துவைட்ஸ் உலர்த்தி அனுப்பிய காளான்களை, இங்கிலாந்தில் பாதிரியாராக இருந்த பெர்க்லியும் அவருடைய நண்பர் புரூமும் ஆராய்ந்து, 1870களில் இலங்கைக் காளான்களின் பட்டியலை வெளியிட்டார்கள். பெர்க்லி ஆசியாவுக்கு வந்தவரல்ல. கப்பலில் போய்ச் சேர்ந்த காய்ந்த துண்டையும் கூடவே வந்த குறிப்பையும் வைத்தே சில வரி விவரணைகளை எழுதினார். தென்னிந்தியாவில் இன்று புழங்கும் காளான் பெயர்கள் பலவற்றுக்கு அடிப்படை, இப்படி இங்கிலாந்துக்கும் ஐரோப்பாவுக்கும் போய்ச் சேர்ந்த காய்ந்த துண்டுகள்தான். அன்றைய சூழலில் அது பெரும் உழைப்பு. அதைக் குறைசொல்வது நியாயமல்ல. அந்தச் சில வரிகளை வைத்து இன்றும் பெயர் சூட்டுவதுதான் நியாயமல்ல.

வடிவ முறையில் இரண்டு ஓட்டைகள் உண்டு. முதலாவது, பல் என்பது ஒரு பரம்பரைச் சொத்து அல்ல. வித்து உண்டாகும் பரப்பை அதிகமாக்கப் பல காளான் குலங்கள் தனித்தனியே கண்டுபிடித்த உத்தி அது. லின்னேயஸ் ஒன்றாக வைத்த ஹிட்னம்களில் ஒன்று இன்று கேந்தரெல்லேல்ஸ் வரிசையில் இருக்கிறது, ஒன்று தெலிஃபோரேல்ஸில், ஒன்று ருசுலேல்ஸில். மரத்தில் வளர்பவற்றை மட்டும் எடுத்துக்கொண்டாலும் நிலைமை அதுதான். ஹெரீசியம் ருசுலேல்ஸில் உள்ளது. இர்பெக்ஸும் ஸ்டெக்கரினமும் பாலிபோரேல்ஸில் இருக்கின்றன. சைலோடான் ஹைமெனோகீட்டேல்ஸில், ராடுலோமைசெஸ் அகாரிகேல்ஸில். கூழ் போன்ற உடலும் அடியில் பற்களும் கொண்ட சூடோஹிட்னம் இவை எதிலும் சேராமல், மரக்காது எனப்படும் காளானின் வரிசையில் போய் நிற்கிறது.

இரண்டாவது ஓட்டை களத்தில் இன்னும் தொந்தரவானது. பல பற்கள் பல்லாகப் பிறப்பதில்லை. இர்பெக்ஸ் லாக்டியஸின் வளரும் விளிம்பைப் பார்த்தால் சிறு துளைகள் தெரியும். நடுப்பகுதிக்கு வரவரத் துளைகளின் சுவர் கிழிந்து தட்டையான பற்களாகியிருக்கும். கிடைக்கிளையின் அடியில் ஒழுங்கான துளைகளோடு இருக்கும் காளான், செங்குத்துப் பரப்பில் வளரும்போது துளை இழுபட்டுச் சரிந்த பற்களாக மாறுவதும் சகஜம். சைசோபோரா என்ற பெயரில் நெடுங்காலம் அறியப்பட்டு இப்போது சைலோடானுக்குள் சேர்க்கப்பட்ட காளான்கள் இதற்குப் பேர்போனவை. ஒரே கிளையில் ஒரே காளான், ஒரு முனையில் துளை, மறுமுனையில் பல். மாட்டுச்சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது மாட்டின் வயதைச் சொல்லுமே தவிர, அது காங்கேயமா மலைமாடா என்பதைச் சொல்லாது. இந்தக் காளான்களிலும் பல் காட்டுவது பெரும்பாலும் வயதையும் வளர்ந்த கோணத்தையும்தான்.

மரத்தையும் அழுகலையும் கேட்பது

இரண்டாவது நிலைப்பாடு காட்டியலாளர்களிடமிருந்து வந்தது. மரம் அழுகுவதால் காளான் வருகிறது என்றே பலரும் நம்பிய காலத்தில், காளான் வருவதால்தான் மரம் அழுகுகிறது என்று ஜெர்மனியின் ராபர்ட் ஹார்டிக் காட்டினார். 1878இல் வெளியான அவருடைய நூல் ஒவ்வொரு காளானுக்கும் தனித்தன்மையுள்ள அழுகல் உண்டு என்ற எண்ணத்தை நிலைநாட்டியது. இந்தியாவில் எட்வின் பட்லர் 1918இல் எழுதிய பயிர்நோய் நூலும், டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தின் பி. கே. பக்ஷி 1971இல் இந்தியத் துளைக்காளான்கள் பற்றியும் 1976இல் வன நோயியல் பற்றியும் எழுதிய நூல்களும் இந்த மரபைச் சேர்ந்தவை. எந்த மரம், மரத்தின் எந்தப் பகுதி, அழுகல் வெள்ளையா பழுப்பா என்று கேட்டுக்கொண்டே காளானை நெருங்கும் முறை இது.

வெள்ளை அழுகல் என்றால் லிக்னினும் சேர்ந்து கரைகிறது. மரம் வெளிறி, பஞ்சு போலவோ நார்நாராகவோ ஆகும். பழுப்பு அழுகலில் செல்லுலோஸ் போய் லிக்னின் மிஞ்சும். மரம் பழுப்பேறி, செங்கல் அடுக்கு போலக் கட்டம்கட்டமாக வெடித்து, விரலால் நசுக்கினால் மாவாகும். இரண்டையும் பிரித்தறிய ஒரு பேனாக்கத்தி போதும்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், அகல இலை மரங்களில் வளரும் பல்லுருக் காளான்களில் ஏறக்குறைய எல்லாமே வெள்ளை அழுகல் உண்டாக்குபவை. ஆகவே அழுகலின் நிறம், ‘பழுப்பு அழுகல் காளான் அல்ல’ என்று விலக்க உதவுமே ஒழிய, பல்லுருக் காளான்களுக்குள் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிக்காது. மரத்தின் பெயரும் அப்படித்தான். இவற்றில் பெரும்பாலானவை மரம் பார்த்து உட்காருபவை அல்ல. பட்ட கிளை, போதிய ஈரம், மேலே கொஞ்சம் நிழல் இருந்தால் இலவும் சரி, புளியும் சரி. போடிப் பக்கத்து இலவந்தோப்புகளில் ஒடிந்து விழுந்த கிளைகள் மென்மரம் என்பதால் சீக்கிரம் இற்றுப்போகும். புளியின் வைரம் பல ஆண்டு தாக்குப்பிடிக்கும். அந்த வேறுபாடு மரத்தைப் பற்றிச் சொல்கிறது, காளானைப் பற்றி அல்ல.

ஆனாலும் தோப்புக்காரரின் கேள்விக்கு இந்த இரண்டாவது மரபுதான் நெருங்கிய பதில் தருகிறது. கேனோடெர்மா போன்ற அடிமர அழுகல் காளான்கள் நிற்கும் மரத்தைச் சாய்க்கக்கூடியவை. பல்லுருப் படலங்களோ பெரும்பாலும் செத்த கிளையிலும் வெட்டுவாயிலும் வெளிமரத்தைத் தின்பவை. கிளையில் வெள்ளைப் பல் தெரிந்ததும் மரத்தையே வெட்டிச் சாய்க்க அவசரப்பட வேண்டியதில்லை. அடிமரத்தைத் தட்டிப் பார்த்து, பொந்து ஓசை வருகிறதா, வேர்க்கழுத்தில் வேறு காளான் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. இனப்பெயர் தெரியாமலே எடுக்கக்கூடிய முடிவு அது.

நுண்ணோக்கியின் தீர்ப்பு

வடிவத்தின் மேலிருந்த நம்பிக்கை முதலில் ஆட்டம் கண்டது பிரான்சில். மருந்தாளுநராக இருந்த பத்தூயார் 1900இல் வெளியிட்ட வகைப்பாட்டு நூல், வெளியுருவத்தைவிட உள்ளமைப்பு முக்கியம் என்று வாதிட்டது. அதற்கு ஒரு கருவி கிடைத்தது வெப்பமண்டலத்தில். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய இ. ஜே. எச். கார்னர் 1932இல் ஒரு காளானின் சதையை ஊசியால் பிரித்து, அது எத்தனை வகை இழைகளால் ஆனது என்று கேட்டார். வளரும் இழை மட்டும் இருந்தால் ஒருவகை. அதோடு தடித்த சுவர்கொண்ட தாங்கிழையும் இருந்தால் இருவகை. பின்னிப்பிணைக்கும் கிளையிழையும் சேர்ந்தால் மூவகை. அவர் எடுத்துக்கொண்ட காளான் மஞ்சள் காம்பும் புனல் வடிவமும் கொண்ட மைக்ரோபோரஸ் சாந்தோபஸ். மேற்குத்தொடர்ச்சி மலைக் காடுகளில் விழுந்த கிளைகளில் சாதாரணமாகத் தென்படும் அதே காளான்தான்.

1964இல் நெதர்லாந்தின் டோங்க், ஃபிரீஸின் பெரிய கூட்டங்களை உடைத்துக் குடும்பங்களைப் புதிதாக அமைத்தார். அதே நாட்டின் மாஸ் கீஸ்டரானுஸ் 1971இல் கீழை நாடுகளின் பல்லுருக் காளான்களுக்கென்றே ஒரு தனி நூல் எழுதினார். இந்தியாவில் கே. எஸ். திண்டும் அவருடைய மாணவர்களும் இமயமலைப் பகுதியில் செய்த வேலையும், 1977இல் ரத்தன் வடமேற்கு இமயத்தின் படலக் காளான்கள் குறித்து வெளியிட்ட நூலும் இந்த நுண்ணோக்கி மரபில் வருபவை.

நடைமுறையில் இது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு மூன்று காளான்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். வெள்ளைப் பற்களுள்ள இர்பெக்ஸ் லாக்டியஸ், வெளிர் காவி அல்லது மங்கிய ஆரஞ்சுப் பற்களுள்ள ஸ்டெக்கரினம் ஓக்ரேசியம், மஞ்சள் பற்களுள்ள ஃபிளாவோடான் ஃபிளாவஸ். மூன்றுமே கிளையின் அடியில் படர்ந்து விளிம்பில் மடிபவை. மூன்றுக்கும் இருவகை இழைகள். மூன்றிலும் பல்லின் பக்கச்சுவரில் உப்புப் பூத்தது போன்ற படிகம் ஒட்டிய தடித்த உயிரணுக்கள் துருத்திக்கொண்டிருக்கும். பழையதாகி வெயிலில் வெளுத்த மாதிரி என்றால் நிறமும் கைவிடும். அப்போது முடிவு சொல்வது ஒரு சின்ன உறுப்பு. வளரும் இழையில் இரண்டு உயிரணுக்களுக்கு இடையிலான தடுப்புச்சுவரின் ஓரத்தில், கொக்கி போல வளைந்து இரண்டையும் இணைக்கும் ஒரு சிறு பாலம் இருக்கிறதா? ஸ்டெக்கரினத்தில் இருக்கும். இர்பெக்ஸிலும் ஃபிளாவோடானிலும் தடுப்புச்சுவர் வெறுமையாக இருக்கும். ஸ்டெக்கரினம் ஓக்ரேசியத்தின் வித்து 4 மைக்ரானை ஒட்டிய குட்டை நீள்வட்டம். இர்பெக்ஸ் லாக்டியஸுக்கு 5 முதல் 7 மைக்ரான் நீளம், உருளை போன்ற வடிவம். கண்ணுக்கு உடன்பிறப்புகளாகத் தெரிந்தவை இந்த இடத்தில் வெவ்வேறு குடும்பங்களாகப் பிரிகின்றன.

இரசாயனச் சோதனைகளும் கைகொடுக்கும். பழுப்புப் பற்களுள்ள காளான் மேல் ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டதும் கருத்து, அந்தக் கருமை போகாமல் நின்றால் அது ஹைமெனோகீட்டேசியே குடும்பம் என்று பெரும்பாலும் நம்பலாம். நீண்டு தொங்கும் வெள்ளைப் பற்களுள்ள சதைப்பற்றான காளானின் வித்துகள் அயோடின் கலந்த மெல்ட்ஸர் கரைசலில் நீலக் கருமையடைந்தால் ஹெரீசியத்தை நினைக்கலாம். ‘லயன்ஸ் மேன்’ என்று மாத்திரையாகவும் பொடியாகவும் விற்கப்படுவது ஹெரீசியம்தான். அந்த விளம்பரப் படங்களைப் பார்த்துவிட்டுப் பல் வைத்த காளானையெல்லாம் அதுவென்று நம்பிச் சமைக்கத் துணிவது தவறு.

நுண்ணோக்கி முறையின் பலவீனம் மாதிரியின் நிலையில் இருக்கிறது. மேகமலை, மணலாறு, இரவங்கலாறுப் பக்கம் ஆண்டில் பல மாதம் ஈரம் உண்டு. கீழே பள்ளத்தாக்கு மழைமறைவுப் பகுதி. அங்கே காளான் சில வாரம் உயிர்ப்போடு இருந்துவிட்டு மாதக்கணக்கில் தோல் போலக் காய்ந்து கிடக்கும். அப்படிக் கிடைத்ததை வெட்டிப் பார்த்தால் வித்து ஒன்றுகூட அகப்படாமல் போகலாம். வித்து இல்லாத மாதிரிக்கு இனப்பெயர் எழுதுவது ஊகத்தில் முடியும். இன்னொன்று, கொக்கிப் பிணைப்பு எல்லாத் தடுப்புச்சுவரிலும் இருந்தாக வேண்டும் என்பதில்லை. அரிதாக மட்டும் தோன்றும் இனங்களும் உண்டு. ‘இல்லை’ என்று எழுத, ‘இருக்கிறது’ என்று எழுதுவதைவிட அதிகப் பொறுமை வேண்டும்.

தட்டில் வளர்த்துப் பார்த்தல்

காளானுடல் எதுவும் வெளியே தெரியாமல் மரம் உள்ளே அழுகும்போது என்ன செய்வது? இதற்கான பதில்தான் வளர்ப்பு முறை. அழுகல் மரத்துண்டிலிருந்து இழையை எடுத்து ஊட்டக்கூழ்த் தட்டில் வளர்ப்பார்கள். 1928இல் பாவென்டாம் காலிக் அமிலமோ டானிக் அமிலமோ கலந்த தட்டில் வெள்ளை அழுகல் காளான் பழுப்பு வளையம் உண்டாக்குவதைக் காட்டினார். கனடாவின் மில்ட்ரெட் நோபிள்ஸ் 1948இலும், திருத்தி 1965இலும் வெளியிட்ட அடையாளக் குறியீட்டு அட்டவணைகள் வளர்ச்சி வேகம், இழை வகை, நொதி வினை ஆகியவற்றை வைத்து வளர்ப்புகளை இனம்பிரித்தன. 1978இல் ஸ்டால்பர்ஸ் அதை விரிவுபடுத்தினார். பெரும்பாலும் மிதவெப்ப நாட்டுக் காளான்களை வைத்துக் கட்டிய இந்த அட்டவணைகளில் தென்னிந்தியக் காளானைப் பொருத்தும்போது கவனம் தேவை. தட்டில் பச்சைப் பூசணம் முந்திக்கொள்ளும் தொல்லையும் உண்டு.

ஆனால் இந்த வழியில் கிடைத்த சில பலன்கள் பல்லின் மதிப்பையே கேள்விக்குள்ளாக்கின. ஃபிளாவோடான் ஃபிளாவஸைப் பாருங்கள். மரக்கிளையில் மஞ்சள் பற்களாக அறியப்பட்ட இந்தக் காளானை, கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் சந்திரலதா ரகுகுமாரும் சக ஆய்வாளர்களும் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள பவளக் காயலில் அழுகிக்கிடந்த கடற்புல்லிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அதன் லிக்னின் சிதைக்கும் நொதிகள் பற்றி 1999இல் எழுதினார்கள். சாராய ஆலையின் கரும்பழுப்புக் கழிவுநீரை நிறமிழக்கச் செய்யும் திறன் அதற்கு இருந்தது. மரத்தில் பல்லோடு தொங்கினால்தான் தெரியும் என்று நினைத்த ஒன்று, கடலுக்குள் பல்லே இல்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

2016இல் விவரிக்கப்பட்ட ஃபிளாவோடான் அம்ப்ரோசியஸின் கதை இன்னும் விசித்திரம். மரத்தைத் துளைக்கும் அம்ப்ரோசியா வண்டுகள் சில இந்தக் காளானைத் தம் உடலிலுள்ள சிறு பையில் சுமந்து சென்று, துளைக்குள் பயிரிட்டுத் தின்கின்றன. வண்டுத்துளையைப் பார்த்து ‘பூச்சி அரித்தது’ என்று விட்டுவிடும் மரத்துக்குள் ஒரு வெள்ளை அழுகல் காளானும் இருந்திருக்கக்கூடும்.

டி.என்.ஏ. வந்த பிறகு

1990களில் பூஞ்சைகளின் டி.என்.ஏ.வில் ஐ.டி.எஸ். எனப்படும் பகுதியைப் பெருக்கிப் படிக்கும் முறை பரவியது. 2012இல் பன்னாட்டு ஆய்வாளர் குழு ஒன்று அதையே பூஞ்சைகளுக்கான பொது அடையாளப் பட்டையாக முன்மொழிந்தது. கார்ல்-ஹென்ரிக் லார்சன் 2007இல் படலக் காளான்களின் வகைப்பாட்டை மறுபரிசீலனை செய்தபோது, வழுவழுப்பு, துளை, பல் என்ற மூன்று வடிவங்களும் குலத்துக்குக் குலம் மாறிமாறி வருவது தெளிவாகியது. 2012இல் மியேட்டினனும் சகாக்களும் ஸ்டெக்கரினத்தைச் சுற்றியுள்ள காளான்களை விரிவாக ஆராய்ந்து, நெருங்கிய உறவினர்களுக்குள்ளேயே துளையும் பல்லும் கலந்து கிடப்பதைக் காட்டினார்கள். ஃபிரீஸின் வீட்டுக்கு இனி வாசல் இல்லை என்று அப்போது தோன்றியது.

டி.என்.ஏ. முறையின் ஆதரவாளர்கள் சொல்வதில் பெரும்பகுதி சரி. வித்தில்லாத மாதிரி, வளர்ப்பு, மரத்தூள், வண்டுத்துளை என எதிலிருந்தும் பதில் கிடைக்கும். ஆனால் அந்தப் பதில் ஒப்பிடும் தரவுத்தளத்தின் தரத்தைத் தாண்டிப் போகாது. 2006இல் ஹென்ரிக் நில்சனும் சக ஆய்வாளர்களும் பொதுத் தரவுத்தளங்களில் உள்ள பூஞ்சை வரிசைகளைச் சோதித்து, ஏறக்குறைய ஐந்தில் ஒன்று இன அளவில் தவறாகப் பெயரிடப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். எஸ்டோனியாவின் டார்ட்டுவை மையமாகக் கொண்ட ‘யுனைட்’ போன்ற தளங்கள் பிறகு நிலைமையைச் சீராக்கியுள்ளன. என்றாலும் ‘98 சதவீதப் பொருத்தம்’ என்று கணினி சொல்வதை அப்படியே பெயராக எழுதிவிடும் பழக்கம் போகவில்லை. எதோடு பொருந்தியது, அந்த வரிசை எந்த மாதிரியிலிருந்து வந்தது, அந்த மாதிரி எந்த ஹெர்பேரியத்தில் (உலர்மாதிரிக் காப்பகத்தில்) இருக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் இல்லாவிட்டால் அந்தச் சதவீதத்துக்குப் பெரிய பொருள் கிடையாது.

பெயர்களும் நிற்பதில்லை. 1833இல் குளோட்ஷ் ‘இர்பெக்ஸ் ஃபிளாவஸ்’ என்று வைத்ததை 1973இல் ரைவார்டன் ஃபிளாவோடானாக்கினார். அண்மை ஆண்டுகளில் அதைத் திரும்ப இர்பெக்ஸிலேயே சேர்ப்பவர்களும் உண்டு. பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் ஒப்பிடுபவர் ஒரே காளானை இரண்டாக எண்ணிவிடும் வாய்ப்பு இதனால் கூடுகிறது.

நம் பக்கத்து ஆவணங்கள்

பட்லரும் பிஸ்பியும் 1931இல் தொகுத்த ‘இந்தியாவின் பூஞ்சைகள்’ நாடு முழுவதற்குமான பட்டியல். தமிழ்நாட்டுப் படலக் காளான்களுக்கென்று வந்த முக்கியமான நூல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தைச் சேர்ந்த கே. நடராஜனும் கே. கோலாண்டவேலுவும் 1998இல் வெளியிட்டது. மலைமுகட்டுக்கு அந்தப்பக்கம் கேரளத்தின் துளைக்காளான்களைப் பற்றி லீலாவதியும் கணேஷும் 2000இல் நூல் கொண்டுவந்தார்கள். முகடு மாநில எல்லையாக இருப்பது காளானுக்குத் தெரியாது. எனவே கம்பம் பள்ளத்தாக்கில் வேலை செய்பவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டாக வேண்டும். இரண்டுமே நுண்ணோக்கி மரபைச் சேர்ந்தவை. அவற்றின் மாதிரிகளிலிருந்து டி.என்.ஏ. வரிசைகளை எடுத்து இணைக்கும் வேலைதான் இந்தத் தலைமுறைக்கு மிச்சமிருப்பது.

‘இர்பெக்ஸ் லாக்டியஸ்’ என்பது ஐரோப்பியக் காளானுக்கு ஃபிரீஸ் வைத்த பெயர். இந்தியப் பட்டியல்களில் வெள்ளைப் பல் தெரிந்தால் சாதாரணமாக அந்தப் பெயரே விழுகிறது. அது ஒரே இனமாகவே இருக்கலாம், பரந்து வாழும் காளான்கள் உண்டு. வெளிப்பார்வைக்கு ஒன்றாகவும் உள்ளே பலவாகவும் இருக்கலாம். மாதிரியைப் பார்க்காமல் இரண்டில் எதையும் முடிவாகச் சொல்ல இயலாது.

மாதிரியின் அருமையை இந்த மலையே ஒருமுறை காட்டியிருக்கிறது. 1948இல் ஹைவேவிஸ் என்றும் அழைக்கப்படும் மேகமலையில் அங்கஸ் ஹட்டன் சேகரித்த ஒரு பழந்தின்னி வௌவால், பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் சேகரிப்பில் வேறொரு சாதாரண வௌவாலின் பெயரில் கிடந்தது. 1972இல் தாய்லாந்தின் கித்தி தோங்லோங்யா அதை எடுத்துப் பார்த்து, புதிய இனம் மட்டுமல்ல, புதிய பேரினமே என்று அறிவித்தார். பறவையியலாளர் சாலிம் அலியின் பெயர் தாங்கிய லாட்டிடென்ஸ் சலிமாலி அது. பெயர்ச்சீட்டு தவறாக இருந்தும் தோலும் மண்டையோடும் பத்திரமாக இருந்ததால்தான் 24 ஆண்டு கழித்துத் தவறு திருந்தியது. முதுகெலும்புள்ள ஒரு விலங்குக்கே இந்தக் கதி என்றால், கிளையடியில் ஒட்டிக்கிடக்கும் படலக் காளான்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பின்னணியில் கைபேசிச் செயலிகளை எப்படி மதிப்பிடுவது? ஒளிப்படத்தைப் போட்டால் பெயர் சொல்லும் வசதி, எங்கே எப்போது எது தென்பட்டது என்ற வரைபடத்துக்கு நன்றாக உதவுகிறது. பெரிய ஹெரீசியம் போன்றவற்றில் அது சரியாகவும் இருக்கலாம். மற்றபடி படத்தில் இருப்பது பல்தான். பல்லை மட்டும் பார்த்துப் பெயர் சொல்லும்போது புதிய கருவி ஃபிரீஸ் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அவரிடம் காளானைத் திருப்பிப் பார்க்கும் வசதியாவது இருந்தது.

இன்னும் தீராதவை

எந்த முறை சரி என்ற கேள்வி ஏறக்குறைய முடிந்துவிட்டது. நுண்ணோக்கியும் டி.என்.ஏ.வும் ஒன்றையொன்று சரிபார்க்கும்போதுதான் இனப்பெயர் நிற்கும் என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. வடிவமும் அழுகலும் மரமும் களத்தில் முதல் சல்லடையாக உதவும். ஆனால் சில கேள்விகள் திறந்தே கிடக்கின்றன. வெப்பமண்டல வெள்ளைப்பல் காளான்களில் எத்தனை இனங்கள் ஒரே பெயருக்குள் ஒளிந்திருக்கின்றன? பேரின எல்லையை எவ்வளவு அகலமாக வரைவது? ஃபிளாவோடானைத் தனியாக வைப்பதா, இர்பெக்ஸில் கரைப்பதா என்பது டி.என்.ஏ. மட்டும் முடிவு செய்யும் விஷயமல்ல. ஆய்வாளர்களின் ரசனையும் அதில் இருக்கிறது. வண்டுகளுக்கும் இந்தக் காளான்களுக்கும் நம் நிழல் மரங்களில் என்ன உறவு என்பதும் தனி ஆய்வுக்குரியது. மேகமலையின் வெடிப்பலாக் காட்டில் விழுந்த மரத்தில் இருப்பதும் கீழே புளியங்கிளையில் இருப்பதும் ஒன்றேயா என்பதற்கு, இரண்டு இடத்திலும் எடுத்த மாதிரிகள் அருகருகே வைக்கப்பட்டாக வேண்டும்.

2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்ட பிறகு மலைப்பகுதியில் சேகரிக்க வனத்துறை அனுமதி கட்டாயம். மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். பள்ளத்தாக்கின் தோப்புகளிலும் சாலையோரத்திலும் இந்தத் தடை குறைவு. அங்கே செய்யக்கூடியதும் நிறைய. காளானைச் சுரண்டி எடுக்காமல் மரத்துண்டோடு வெட்டி எடுத்து, நிழலில் காயவைத்து, பிளாஸ்டிக் பைக்குப் பதில் காகித உறையில் போட்டு, மரத்தின் பெயர், இடம், தேதி, பச்சையாக இருந்தபோதைய நிறம் ஆகியவற்றை எழுதி வைத்தால், அது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் ஹெர்பேரியத்துக்கோ புனேயின் அஜ்ரேக்கர் பூஞ்சை ஹெர்பேரியத்துக்கோ போகத் தகுதியான மாதிரி.

ஊராட்சிகளில் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதுபவர்களுக்கும் கல்லூரி ஆய்வேடு எழுதும் மாணவர்களுக்கும் ஒரு கோரிக்கை. காளான் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, அந்தப் பெயர் எதைக் கொண்டு முடிவானது என்று எழுதுங்கள்: கண்ணால் பார்த்தா, நுண்ணோக்கியிலா, டி.என்.ஏ.விலா. கண்ணால் பார்த்தது மட்டும்தான் என்றால் ‘இர்பெக்ஸ் போன்றது’ என்று நிறுத்திக்கொள்ளுங்கள். பின்னால் வருபவர் அதைத் திருத்த முடியும்; ஆதாரமில்லாத இனப்பெயரைத் திருத்துவது அதைவிடக் கடினம்.